மீட்பின் இலக்கணம்

ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு' 1963இல் வந்தது. கல்லூரி நாட்களில் அதைக் காதல் கதையாகத்தான் வாசித்தேன்: பத்திரிகைக்காரன் ஒருவனுக்கு விடுதியில் இருக்கும் தங்கத்தின் மேல் வரும் காதல். அண்மையில் அதை மறுபடி எடுத்தபோது பக்கத்தில் இன்னொரு பிரதியும் இருந்தது. 1956இல் இயற்றப்பட்ட, நாம் பேச்சுவழக்கில் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று சொல்கிற அதேதான்.

சட்டத்தையும் கதை மாதிரி வாசிக்கலாம். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்னு கவனித்தால் போதும். விடுதி நடத்துபவரையும், அவள் சம்பாத்தியத்தில் வாழ்பவரையும், ஆள் பிடித்து விற்பவரையும் இந்தச் சட்டம் தண்டிக்கிறது. தண்டிக்கத்தான் வேண்டும். பணத்துக்காக உறவு கொள்வதை மட்டும் வைத்து அது குற்றம் என்று சொல்வதில்லை. ஆனால் பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்தால் 8ஆம் பிரிவு. முதல் முறை பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த இடம்தான். 1978 திருத்தத்தில் நுழைந்த 10ஏ பிரிவு, அவளுடைய குணமும் மனநிலையும் அப்படியிருந்தால் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பலாம் என்கிறது. குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து. தண்டனை ஆறு மாதம், கருணை ஐந்து வருடம்! குற்றமே செய்யாமல் மீட்கப்பட்டவளையும் 17ஆம் பிரிவின் கீழ் ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை காப்பகத்தில் வைக்கலாம்.

கடத்தப்பட்ட சிறுமிக்குக் காப்பகம் உயிர் காக்கும் இடம். அதை மறுப்பவன் நான் இல்லை. ஆனால் வயதுவந்த பெண்ணைப் பார்த்து "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்காத உதவிக்கும் பூட்டுக்கும் என்ன வித்தியாசம்? 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, காலக்கெடுவுக்குள் விடுவிக்க வழி செய்யுமாறு மாநிலங்களுக்குச் சொன்னது. சட்டம் வந்து அறுபத்தாறு வருடம் கழித்து!

நாகராஜனையும் அப்படியே விட்டுவிட முடியாது. தங்கத்தை நாம் பார்ப்பது அவளை நேசிக்கும் ஆணின் கண் வழியாகத்தான். காதலுக்குள்ளும் ஒரு மீட்பு ஆசை ஒளிந்திருக்கும். ஆனால் அவர் தங்கத்தைத் திருத்த உட்காரவில்லை. இந்தச் சட்டத்தைத் திருத்த நினைப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.