கூச்சலும் கல்லும்

1974 ஜனவரி 5. பம்பாய் வொர்லியில் தலித் பேந்தர்கள் கூட்டம். பேச்சு நடக்கும்போதே கல் விழுந்தது. போலீஸ் தடியோ பேந்தர்கள் மேல் இறங்கியது. ஐந்து நாள் கழித்து நடந்த கண்டன ஊர்வலத்தில், மேலேயிருந்து போட்ட கல்லில் பகவத் ஜாதவ் செத்தார். இதுதான் பேச்சைத் தடுப்பது.

நானும் ஒருமுறை கட்சிக் கூட்டத்தில் எழுந்து, "எங்க சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை எப்பங்க?" என்று கத்தினேன். 'கலாட்டா பண்றான்' என்று வெளியே தள்ளினார்கள். மைக் அவரிடம், எனக்குத் தொண்டைதானே? அவர் பேசி முடித்துவிட்டுத்தான் போனார். கல்லெறிவதும் கேள்வி கேட்பதும் ஒன்றாம்!

ஆனா நம்ம யோக்கியதை? போன மாசம் நம்ம மேடையில், வீட்டுக்குள்ள வாங்குற அடியைப் பேச வந்த அக்காவை விசிலடிச்சே இறக்கிவிட்டோம். நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அந்தக்கா அப்புறம் கூட்டத்துக்கு வரல.