சுழல்வது வேறு, வனைவது வேறு

கொழும்பில் மட்பாண்டம் வனையும் மின்சக்கரம் ஒன்று நின்றுபோனால், அதை லேசில் தூக்கி எறிய மாட்டார்கள். மோட்டரைக் கழற்றி ஓட்டோவில் ஏற்றிக் கொயில் சுற்றும் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோவார்கள். பெல்ட் அறுந்திருந்தால் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செய்த கம்பனியின் பாகம் கப்பலில் வரட்டும் என்று காத்திருக்காமல், ஒத்துவருவதை வெட்டி, கடைந்து, பொருத்திவிடும் கைகள் இந்த ஊரில் உண்டு. அந்தக் கைகள்மீது எனக்குப் பெரிய மதிப்பு. ஆனால் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. பட்டறையில் சக்கரத்தைச் சுழல வைத்துவிடுகிறோம். அதில் வனையலாமா என்று பார்ப்பதில்லை.

பெயாரிங்கை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் 6205 என்று பொறித்திருந்தால், எந்த நாட்டில் செய்ததானாலும் உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, தடிப்பு 15. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் தண்டின் அளவு வந்துவிடும். இந்தப் பொது அளவு இருப்பதால்தான் முப்பது வருடச் சக்கரத்துக்கும் இன்று பெயாரிங் கிடைக்கிறது. தவறு தொடங்குவது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில். இசட் இசட் என்றால் இரும்புத் தகட்டு மூடி. டூ ஆர்எஸ் என்றால் றப்பர் மூடி. மோட்டருக்குள் இருக்கும் பெயாரிங்குக்குத் தகடு போதும். வனையும் தட்டுக்கு நேர்கீழே இருப்பதற்கு அது போதாது. மண் கரைந்த தண்ணீர் தகட்டின் இடுக்கால் இறங்கும், கிறீஸைக் கழுவும், குண்டுகளை அரைக்கும். அளவு சரியாகப் பொருந்திய பெயாரிங், சில மாதங்களில் மறுபடி இரையத் தொடங்கும். பாஸைக் குறைசொல்ல முடியாது. அந்த இடத்தில் சேறு வடியும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மோட்டரில்தான் இந்தக் குறை பெரிதாக வெடிக்கிறது. கலைக்கூடங்களில் உள்ள சக்கரங்கள் பலவற்றில் இருப்பது நேர்மின்னோட்ட மோட்டர். காலால் மிதிக்கும் பெடல் அதன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். மிக மெதுவாகச் சுழலும்போதும் இழுவிசை விடாது என்பதே அதன் அருமை. அது நின்றால் முதலில் பார்க்க வேண்டியது காபன் பிரஷ். பல வேளை தேய்ந்திருப்பது அதுமட்டும்தான். ஆனால் கொயிலைச் சுற்றிப் பழகிய கை கொயிலைத்தான் தேடும். கட்டுப்பாட்டுப் பலகை எரிந்திருந்தால் இன்னும் மோசம். அதைக் கழற்றிவிட்டு, சாதாரண ஏசி மோட்டர் ஒன்றைப் பூட்டி, மின்விசிறிக்குப் போடும் ரெகுலேட்டரை வைத்துவிடுவார்கள். வெறுந்தட்டு அழகாகச் சுழலும், சத்தமும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நாலைந்து கிலோ மண்ணை வைத்து, நடுவுக்குக் கொண்டுவர இரு கையாலும் அழுத்தியதும் தட்டு நின்றுவிடும். அந்த ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது இழுவிசையையும் சேர்த்தே குறைக்கிறது. திணறும் மோட்டர் சூடேறி எரியும். பிறகு மறுபடி கொயில்.

தைப்பொங்கலுக்கு முந்திய நாட்களில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தெருவோரம் பானை அடுக்கியிருப்பார்கள். ஆச்சிமார் விரல்முட்டியால் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்காமல் ஒரு பானையும் வாங்க மாட்டார்கள். பானையை இப்படிச் சோதிக்கத் தெரிந்த நாம், பானை பிறக்கும் சக்கரத்தை வெறுமனே சுழலும் சத்தத்தை வைத்து ஏற்றுக்கொள்கிறோம்.

இது பட்டறைக்காரரின் கவனக்குறைவு மட்டுமல்ல. இலங்கைக் குயவர்களின் பழைய சக்கரம் ஒரு மரத்தட்டு, அதன் அடியில் ஒரு கல்முளை, நிலத்தில் பதித்த ஒரு கற்குழி. முளை தேய்ந்தால் வனைகிறவரே தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பார். எங்கே இறுகுகிறது, எங்கே ஆடுகிறது என்று அவர் கைக்கு முன்பே தெரியும். 1877இல் கொழும்பில் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியான தமது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’யில் இத்தகைய கைவினைகள் தேய்ந்துபோவதைப் பெருங்கவலையோடு பதிவுசெய்தார். அந்தப் புத்தகத்தை அச்சிட்டது ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மொரிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் முன்பு ஓடிய கையச்சு இயந்திரத்தில். பழைய இயந்திரம் ஒன்றைப் பேணி ஓட்டுவது குமாரசுவாமிக்கு அருங்காட்சியக வேலையாக இருக்கவில்லை. மோட்டர் வந்ததும் நம்மிடையே வனைகிறவர் வேறு, திருத்துகிறவர் வேறு என்று ஆகிவிட்டது. முதலாமவருக்கு மோட்டரைப் பற்றிப் பேசக் கூச்சம். இரண்டாமவர் ஒருநாளும் ஈர மண்ணில் கை வைத்ததில்லை. இந்தியாவில் கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் குயவர்களுக்கு மின்சக்கரங்களை வழங்கிவருகிறது. உடல் நோவைக் குறைக்கும் நல்ல காரியம்தான். ஆனால் காபன் பிரஷ்ஷை மாற்றக் கற்றுக்கொடுக்காமல் சக்கரத்தை மட்டும் கொடுத்தால், அந்த ஊர்களிலும் இதே பிளவுதான் வரும்.

வெள்ளவத்தைக்கு என்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் உப்புக்காற்று எதையும் விடாது. அலுமினியத் தட்டும் இரும்புத் தண்டும் சேரும் இடத்தில் உப்பும் ஈரமும் புகுந்தால், இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு சுத்தியலால் அடிப்பார்கள், தண்டு வளையும். மாதமொருமுறை தட்டைக் கழற்றித் துடைத்து, கிறீஸ் பூசி மாட்டினால் போதும். பழைய ஜப்பானியச் சக்கரங்கள் சிலவற்றில் கூம்பு ஒன்று றப்பர் வளையத்தில் உராய்ந்து ஓட்டும். அங்கே மட்டும் எண்ணெய்ப் பசையே கூடாது. கிரீச்சிட்டதும் எண்ணெய் விடும் நம் பழக்கம் அந்த உராய்வைக் கொன்றுவிடும்.

பழையதெல்லாம் திருத்தத் தக்கதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஈரக் கையோடு தொடும் இயந்திரம் இது. எர்த் வயர் இல்லாத சக்கரத்தை, ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் ஓட்டுவதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் சக்கரத்துக்கு ட்ரான்ஸ்போமர் வைத்தால் நமது 230 வோல்ட் குறையும். 50 ஹேர்ட்ஸ் மாறாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டர் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழந்து, கூடுதலாகச் சூடாகும். மோட்டர் இல்லாமலும் வனையலாம்: 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது, காலால் உதைத்து ஓட்டும் சக்கரம் எதுவும் நிற்கத் தேவை இருக்கவில்லை. மோட்டரே வீணாய்ப்போன கனமான சக்கரம் கையில் இருந்தால், அதை உதைசக்கரமாக மாற்றுவதையே நான் முதலில் யோசிப்பேன்.

மற்றதற்கெல்லாம், மோட்டரை மட்டும் ஓட்டோவில் அனுப்பக் கூடாது. சக்கரம் முழுதாகப் போக வேண்டும், வனைகிறவரும் கூடப் போக வேண்டும். ஐந்து கிலோ பிசைந்த மண், ஒரு வாளித் தண்ணீர். காசு கொடுக்குமுன் அந்த மண்ணைத் தட்டில் அறைந்து, பெடலை மெல்ல மிதித்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி அழுத்திப் பார்க்க வேண்டும். தட்டு திணறினால் பாஸையும் அழைத்து, அந்த மண்ணில் அவர் கையையும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.