கண்ணாடிக் குழாய் சொல்லும் கணக்கு

இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் இருவர் சந்தித்தால், நிறத்தையும் மணத்தையும் பேசுவதற்கு முன்பே எண்கள் வந்துவிடும். "டென் ஃபிஃப்டியில் ஆரம்பித்தது, டென் ட்வெல்வில் நின்றது" என்பார் ஒருவர். மற்றவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஏறத்தாழ 5 சதவீத ஆல்கஹால், இனிப்பு அடங்கி, நாக்கில் கொஞ்சம் கனம் மிச்சமிருக்கும் பீர் என்று அவர் மனதுக்குள்ளேயே ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிடுவார்.

கணக்கு எளிது. தண்ணீரின் அடர்த்தி 1000. முளைகட்டிக் காயவைத்த பார்லியை (மால்ட்) வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு, அதாவது வோர்ட், 1050. ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்குகிறது. 1050இலிருந்து 1012க்கு இறங்கிய 38 புள்ளிகளை ஆயிரத்தால் வகுத்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் அளவு வந்துவிடும்.

அளக்கும் கருவி ஹைட்ரோமீட்டர். பால்காரரின் லாக்டோமீட்டருக்கு இது உடன்பிறப்பு. அடியில் ஈயக்குண்டுகள் அடைத்த குமிழ், அதற்கு மேல் மெலிந்து நீளும் தண்டு, தண்டுக்குள் சுருட்டிவைத்த காகித அளவுகோல். அவ்வளவுதான். பேட்டரி இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. அதன் அழகு முழுக்க அந்தத் தண்டின் மெலிவில் இருக்கிறது. தண்டு தடித்திருந்தால் ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு மயிரிழை அளவே மூழ்கும், கண்ணுக்குத் தெரியாது. மெல்லியதாக இருப்பதால்தான் சாறு ஒரு பொட்டு நீர்த்தாலும் பளிச்சென்று இறங்கிக் காட்டுகிறது.

அதைக் கையாளுகிறவரைப் பார்ப்பது ஒரு ரசனை. உயரமான சோதனைக் குழாயில் சாற்றை ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மெல்ல இறக்கி, விரல்நுனியால் ஒரு சுழற்று சுழற்றிவிடுவார். நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் குமிழின்மேல் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும். இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். சுழற்சியில் அவை உதிர்ந்துவிடும். கருவி சுவரைத் தொடாமல் நின்றதும், குனிந்து கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவருவார். தண்டோரத்தில் திரவம் சற்றே ஏறி வளைந்திருக்கும். அந்த ஏற்றத்தை விட்டுவிட்டுச் சமமான மட்டத்தில் படிக்க வேண்டும். சூட்டையும் கவனிப்பார். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு அளவு குறித்தவை. 30 டிகிரியில் அதே சாறு ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி குறைத்துக் காட்டும்.

அளந்த சாற்றைத் திரும்ப வாளியில் ஊற்றுவதில்லை. கிருமி புகுந்துவிடும் என்பது ஒரு காரணம். குடித்துப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது என்பது இன்னொன்று. 1030இல் அது திகட்டும் இனிப்பும் ஈஸ்ட் கலங்கலுமாக இருக்கும். 1015 வாக்கில் ஹாப்ஸ் பூவின் கசப்பு தலைநீட்டும். எண்ணையும் நாக்கையும் இப்படிச் சேர்த்துப் பழகியவர்களுக்கு, பிறகு நாக்கே பாதிக் கருவியாகிவிடுகிறது.

புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் நம்புவது வாளி மூடியிலுள்ள நீர்ப்பூட்டை. அதில் குமிழி வந்தால் நொதிக்கிறது, நின்றால் முடிந்தது என்று நினைப்பார்கள். மூடி லேசாகக் கசிந்தாலே குமிழி நின்றுவிடும். எல்லாம் முடிந்த பிறகும் அறை சூடேறினால், கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழியாக வரும். ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டினால்தான் முடிந்தது என்று பொருள், அப்போதும் அந்த வகைப் பீர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால், மிச்சமிருந்த சர்க்கரை உள்ளே நொதிக்கும். நான்கு புள்ளி மிச்சமே பீரின் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வாயுவை உண்டாக்கும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை அதற்கு மேல். கண்ணாடிப் பாட்டில் வெடிப்பது அப்படித்தான்.

ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒன்று உண்டு. இரண்டு சொட்டு போதும், ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைச் சொல்லிவிடும். காய்ச்சும் நாளில் அதற்கு நிகர் இல்லை. நொதித்தல் தொடங்கியபின் ஆல்கஹாலும் ஒளியை வளைப்பதால் அதன் எண்ணைத் திருத்தாமல் நம்ப முடியாது. எனக்கு என்னவோ அது பாதிவழித் துணையாகவே படுகிறது.

உண்மையில் ஹைட்ரோமீட்டரும் முழு உண்மை சொல்வதில்லை. 1012 என்றால் 12 புள்ளிச் சர்க்கரைதான் மிச்சம் என்று கொள்ளக் கூடாது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. அது சேரச் சேரத் தண்டு இன்னும் ஆழமாக இறங்கும். அதனால் மிச்சம், காட்டுவதைவிட அதிகம். முழுக்க நொதித்த ஒயின் 1000க்கும் கீழே போவது இதனால்தான். பிராகா நகரின் வேதியியல் பேராசிரியர் கார்ல் பாலிங் 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். 2.0665 கிராம் சத்து நொதித்தால் ஒரு கிராம் ஆல்கஹால், 0.9565 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 0.11 கிராம் ஈஸ்ட் என்பது அவர் கணக்கு. கூட்டிப் பாருங்கள், இம்மி பிசகாது.

இந்தக் கருவி பீர் ஆலைக்குள் எளிதாக நுழைந்துவிடவில்லை. ஹாம்ப்ஷயரின் ஆல்ட்டன் ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் 1760களின் இறுதியில் ஹைட்ரோமீட்டர் வைத்துச் சோதித்தார். புதுமை என்றாலே பிடிக்காத தந்தைக்குத் தெரியாமல்தான் இதையெல்லாம் செய்ய வேண்டியிருந்தது. லண்டனின் பெரும் ஆலை முதலாளி சாமுவேல் விட்பிரெடிடம் காட்டியபோது, போய் உன் தொழிலைப் பார் என்ற தோரணையில் அனுப்பிவிட்டார். பிறகு 1784இல் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன், பீர் காய்ச்சுவோருக்கென்றே அளவு குறித்த ஹைட்ரோமீட்டரான சாக்கரோமீட்டரைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை.

லண்டனின் புகழ்பெற்ற கறுப்பு பீரான போர்ட்டர், விலை மலிந்த பழுப்பு மால்ட்டில் காய்ச்சப்பட்டது. சாக்கரோமீட்டரை வைத்து அளந்ததும் குட்டு வெளிப்பட்டது. மலிவு மால்ட்டில் சத்து மிகக் குறைவு. கூடுதல் விலை கொடுத்து வெளிர் மால்ட் வாங்குவதே லாபம். ஆலைகள் வரிசையாக வெளிர் மால்ட்டுக்கு மாறின, போர்ட்டரின் நிறமும் சுவையும் வெளுத்தன. கருக்கிய சர்க்கரையைச் சேர்த்துப் பார்த்தார்கள், சட்டம் குறுக்கே வந்தது. 1817இல் டேனியல் வீலர் மால்ட்டைக் காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் உருளையில் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளிர் மால்ட்டோடு அதைக் கொஞ்சம் சேர்த்தால் போதும், கறுப்பு திரும்பிவிட்டது. இன்று ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் நாம் ருசிக்கும் கருகல் கசப்பு அந்த வழியில் வந்தது. ஒரு கண்ணாடிக் குழாய் மிதந்த ஆழம் ஒரு நகரத்தின் பானத்தையே மாற்றிவிட்டது.

அரசுக்கும் இந்த எண் பிடித்துப்போயிற்று. 1880இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி, வோர்ட்டின் அடர்த்திமீது வரி போட்டார். ஈஸ்ட் வேலையைத் தொடங்கும் முன்பே வரி முடிவாகிவிடும். முடிந்த பீரின் ஆல்கஹாலைப் பார்த்து வரி போடும் முறை 1993இல்தான் வந்தது. இடையில் 1963இல், வீட்டில் காய்ச்சவும் உரிமம் வேண்டும் என்றிருந்த விதியை நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் எடுத்துவிட்டார். அதுவரை வரி அதிகாரியின் கைக்கருவியாக இருந்த ஹைட்ரோமீட்டர் சமையலறை அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

பாட்டிலில் இன்று அச்சடிக்கும் சதவீதம் மட்டும் எனக்குப் போதுவதில்லை. 1050இலிருந்து 1012க்கு இறங்கியதும் 5 சதவீதம், 1040இலிருந்து 1002க்கு இறங்கியதும் 5 சதவீதம். முன்னது நாக்கில் தங்கும். பின்னது பெல்ஜியத்தின் செய்சோன் பீர்போல வறண்டு, உடனே அடுத்த மடக்கைக் கேட்கும். செக் நாட்டில் இதை இன்னும் மறக்கவில்லை. அங்கே மதுக்கடையில் பத்து வேண்டுமா, பன்னிரண்டு வேண்டுமா என்பதுதான் பேச்சு. அந்த எண், பாலிங்கின் ஊர் வழக்கப்படி, நொதிக்கும் முன்பு சாற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு சத்து இருந்தது என்பது. பில்ஸ்னர் உர்க்கெல் பன்னிரண்டு. அதிலிருந்து 5 சதவீத ஆல்கஹால் எடுக்க முடியும். ஆனால் அதில் இருப்பது 4.4தான், மிச்சமிருக்கும் மால்ட்தான் அந்தப் பீரின் பெயரைக் காப்பாற்றுகிறது.