கெட்டிமேளம் எதை மறைக்கிறது? – 'சஞ்சாரம்' வாசிப்புக் குறிப்பு

சித்திரை ஒண்ணாம் தேதி வேப்பம்பூவும் வெல்லமும் போட்டுப் பச்சடி வைப்போம். 'வாழ்க்கைன்னா இப்படித்தான், கசப்பும் இனிப்பும் கலந்துதான் வரும்' என்று வீட்டில் யாராவது ஒரு பெரியவர் கண்டிப்பாகச் சொல்வார். நல்ல வார்த்தைதான். ஆனால் இரண்டும் ஒரே நாக்குக்கு வரும் என்று அதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. இனிப்பு ஒருத்தருக்கும் கசப்பு இன்னொருத்தருக்கும் போனால்? எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாவலை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

2018-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். எஸ்.ரா.வின் சொந்த ஊர் மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டைக்குப் பக்கம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, அந்தப் பக்கம் கோவில்பட்டி வரைக்கும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். இப்படிப்பட்ட ஊர்களில் வருஷத்துக்கு ஒருதடவை வரும் கோயில் திருவிழாதான் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குச் சத்தம் கொடுப்பவர்கள் நாதஸ்வர, தவில் கலைஞர்கள்.

நாவலில் பக்கிரியும் ரத்தினமும் அப்படி வாசிக்கப் போகிறவர்கள். திருவிழாவில் இரண்டு தரப்புக்குள் சண்டை வருகிறது. அடி விழுவது மேளக்காரர்களுக்கு. பிடித்து மரத்தில் கட்டி வைக்கிறார்கள். அந்த அவமானம் தாங்காமல் பக்கிரி பந்தலுக்குத் தீ வைக்க, ரெண்டு பேரும் ஊர் ஊராக ஓடுகிறார்கள். ஓட்டத்துக்கு நடுவே பழைய நினைவுகளும் கரிசல் ஊர்களின் கதைகளும் வருகின்றன.

இங்கே கெட்டிமேளத்தை யோசித்துப் பாருங்கள். தாலி கட்டும்போது ஏன் அவ்வளவு வேகமாகக் கொட்டுகிறார்கள்? தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக என்று சொல்வார்கள். அதாவது, மற்றவர்களுடைய துக்கத்தின் சத்தத்தை மறைப்பது மேளக்காரர் வேலை. அப்படியென்றால் அவருடைய துக்கம் யார் காதில் விழும்? மங்கல வாத்தியம் இல்லாமல் கல்யாணம் இல்லை, சாமி புறப்பாடு இல்லை. வாசித்தவருக்கோ ஒதுக்குப்புறமாக ஓர் இடம். 'சஞ்சாரம்' இதைப் பிரசங்கம் பண்ணாமல் காட்டும் பக்கங்கள்தான் அதன் பலம்.

அதேசமயம், இவர்களை வெறும் பாவப்பட்ட ஜனங்களாகவும் அது காட்டவில்லை. வாசிக்கும்போது கிடைக்கும் சுகம் நிஜமானது. அந்தச் சுகத்தை விடமுடியாததால்தான் அவமானப்பட்ட தொழிலையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். வேப்பம்பூப் பச்சடி உண்மையில் இவர்கள் நாக்கில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு வெல்லம் மட்டும்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திலும் நாதஸ்வரக்காரரின் மானம், ரோஷம் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே ரோஷம் காதலில் கரைந்து, கல்யாணத்தில் சுபமாக முடிகிறது. 'சஞ்சாரம்' அப்படிக் கரைய விடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கிளைக்கதைகள் ரொம்ப அதிகம். லட்சய்யா வாசிக்கக் கல்யானை காதை அசைத்தது, அதை மாலிக் காபூர் பார்த்தான் என்று ஒரு கதை. மாலிக் காபூர் மதுரைக்கு வந்தது 1311-ல். நாம் இன்று கேட்கும் நீளமான பாரி நாயனம் பரவியதோ டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில். தேதிப் பொருத்தம்கூட எனக்குப் பிரச்சினை இல்லை, அது ஐதீகம். மரத்தில் கட்டப்பட்ட மனுஷனின் வலி, 'ஒரு காலத்தில் எப்படி இருந்த கலை' என்ற பெருமூச்சாக மாறிவிடுவதுதான் பிரச்சினை. அந்தப் பெருமூச்சு வாசகனுக்கு வசதியானது. பொறுப்பைக் காலத்தின் தலையில் போட்டுவிடலாம்.

காலம் மட்டும் இதைச் செய்யவில்லை. கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தை (1921–1964) 'கொஞ்சும் சலங்கை' பாட்டில் நாம் இன்னமும் கொண்டாடுகிறோம். ஆனால் நேரில் வந்து வாசிப்பவருக்குச் சம்பளம் பேசும்போது பேரம். பல கோயில்களில் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் சேர்ந்தடிக்கும் மோட்டார் மேளம் வந்துவிட்டது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு அதன் தர்க்கம் நன்றாகவே புரிகிறது: அதற்கு மூச்சு வாங்காது, பசிக்காது, ரோஷம் வராது. பக்கிரிக்கு வந்த ரோஷம் அதற்கு வரவே வராது என்பதுதான் நமக்குப் பெரிய நிம்மதியோ என்னவோ.

நாவலைப் படித்தவர்கள் அடுத்த முகூர்த்தத்தில் ஒன்று செய்யலாம். கெட்டிமேளம் முடிந்ததும், மேளக்காரர்களுக்கு எந்தப் பந்தியில், எங்கே இலை போட்டார்கள் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வாருங்கள்.