விளையாட்டுத் திரையில் மொழிபெயர்ப்பு: ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளின் ஆங்கில வடிவங்களை முன்வைத்து

மொழிபெயர்ப்பியலார் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பனுவல்களுள் வீடியோ விளையாட்டு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சிறுவர் பொழுதுபோக்கு என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும், நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்னும் ஆட்டக் கருவியை வெளியிட்டு, 1985 முதல் அதனையே வேறு பெயரில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய பின்னர், ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மிகப் பெரிய அளவில் உரையாடல்கள் பெயர்க்கப்பட்டு வந்துள்ளன. கதைசார்ந்த பெரிய விளையாட்டு ஒன்றின் உரையாடல் ஒரு நாவலின் அளவினை எட்டவும் விஞ்சவும் கூடும். இத்துணைப் பெரிய மொழிபெயர்ப்புப் பணியைப் பற்றி இருவகைக் கருத்துகளே பரவலாக உள்ளன. ஒன்று, பழைய ஆங்கில வடிவங்களைப் பிழை மலிந்தவை என நகையாடுவது. மற்றொன்று, அண்மைக்கால ஆய்வாளர் சிலர் முன்வைப்பது. விளையாட்டு மொழிபெயர்ப்பு வழக்கமான மொழிபெயர்ப்பைவிடச் சுதந்திரமானது, மறுபடைப்பு என்றே கொள்ளத்தக்கது என்பது. இவ்விரண்டும் ஒரே உண்மையை மறைக்கின்றன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதற்கண் நகைப்பினை நோக்குவோம். தோப்லான் நிறுவனம் 1989இல் உருவாக்கிய ‘சீரோ விங்’ என்னும் விளையாட்டு, பின்னர் சேகாவின் மெகா டிரைவ் கருவிக்கு மாற்றப்பட்டபோது ஒரு முன்னுரைக் காட்சியைப் பெற்றது. அதன் ஐரோப்பிய வடிவத்தில் இடம்பெற்ற ‘ஆல் யுவர் பேஸ் ஆர் பிலாங் டு அஸ்’ என்னும் தொடர் 2000, 2001ஆம் ஆண்டுகளில் இணையத்தின் வழியே உலகெங்கும் பரவி, ஜப்பானியருக்கு ஆங்கிலம் வாராது என்பதற்கான சான்றாகவே எடுத்துக்காட்டப்பட்டது. அத்தொடரில் வினைமுற்று இருமுறை வந்துள்ளது. ‘பேஸ்’ என்பது பன்மை பெறவில்லை. ஜப்பானியத்தில் பெயர்ச்சொற்கள் பொதுவாக எண் காட்டுவதில்லை ஆதலின் பின்னதற்குக் காரணம் வெளிப்படை. நகைத்தவர்கள் நோக்காது விட்டது மூலத்தை. மூலத் தொடரைத் தமிழில் ஏறத்தாழ இவ்வாறு தரலாம்: ‘கூட்டரசுப் படையினரின் மேலான ஒத்துழைப்பினால் உங்கள் தளங்கள் அனைத்தையும் கேட்ஸ் பெற்றுக்கொண்டது.’ இதில் ‘ஒத்துழைப்பு’ என்பதற்கு முன் ‘கோ’ என்னும் உயர்வு முன்னொட்டு உள்ளது. வினையாக வருவது ‘இததாகு’. தலைமேல் வைத்தல் என்பது அதன் பழம்பொருள், பணிவுடன் பெற்றுக்கொள்ளுதல் என்பது வழக்குப்பொருள். நம் ‘சிரமேற்கொள்ளுதல்’ என்பதனோடு ஒப்பிடத்தக்க சொல். இவ்வளவு பணிவினை வாயில் வைத்துக்கொண்டு, கேட்போரைச் சுட்ட மேலோர் கீழோரை விளிக்கும் ‘கிமிதாச்சி’ என்னும் சொல்லையே பேசுவோன் ஆள்கிறான். கொள்ளையடித்தவன் விருந்துண்டவன்போல் நன்றி கூறுகிறான். அந்த எள்ளலே அத்தொடரின் உயிர். ஆங்கில வடிவத்தில் இலக்கணம் சிதைந்தது சிறு இழப்பு. கூட்டரசின் துரோகம் என்னும் கதைச் செய்தியும், பணிவு வடிவில் வெளிப்படும் எள்ளலும் முற்றாக மறைந்தமையே பேரிழப்பு. இலக்கணப் பிழையின்றி அத்தொடரைத் திருத்தி எழுதினாலும் இவை மீளா.

அதே காட்சியில் வெடிபொருள் பற்றிய தொடரும் கேலிக்கு உள்ளானது. மூலத்தில் அது செயப்பாட்டு வினை. இறுதியில் ‘போலும்’ என்னும் பொருள்தரும் உய்த்துணர்வுச் சொல் நிற்கிறது. ‘யாரோ வெடிபொருளைப் பொருத்திவிட்டார்கள் போலிருக்கிறது’ என்று தமிழில் எளிதாகக் கூறிவிடலாம். வினை இறுதியில் வருதல், வேற்றுமை உருபு பெயரின் பின் நிற்றல், பேசுவோனின் ஐயம் தொடரின் கடைசியில் வெளிப்படுதல் ஆகியவற்றில் தமிழும் ஜப்பானியமும் ஒத்த அமைப்புடையவை. ஆங்கிலத்தை இடைநிலை மொழியாகக் கொண்டு இவ்விளையாட்டுகளைத் தமிழாக்க முற்படுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

பிழைகளின் தோற்றுவாய் மொழியறிவுக் குறைவு மட்டுமன்று. எனிக்ஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ முழுவதும் 64 கிலோபைட் அளவுள்ள கேட்ரிட்ஜில் அடங்கியிருந்தது. படங்கள், இசை, நிரல், உரையாடல் அனைத்தும் இதனுள். கத்தகானா வரிவடிவில் ஏறத்தாழ 20 எழுத்துகளுக்கே அதில் இடம் ஒதுக்கப்பட்டமையால், அரக்கர் பெயர்களும் மந்திரப் பெயர்களும் அந்த எழுத்துகளுக்குள் அடங்குமாறு ஆக்கப்பட்டன. மொழியின் ஒலியன் தேர்வினைக் கருவியின் நினைவகம் தீர்மானித்த அரிய நிகழ்ச்சி இது. ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டத்தில் வரையப்பட்டது. ஒலிப்பினைக் குறிக்கும் மேற்குறி பல விளையாட்டுகளில் எழுத்தின் மேலே தனிக் கட்டத்தில் வைக்கப்பட்டது. (நம் ‘ணை’யையும் ‘நௌ’வையும் அக்கட்டத்தினுள் வரைய முயன்று பார்ப்பவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சீர்திருத்த விவாதங்கள் புதிய பொருள் தரக்கூடும்.)

ஆங்கிலத்துக்கு மாறும்போது இந்நெருக்கடி இரட்டிப்பாயிற்று. இரண்டு மூன்று கானா எழுத்துகளில் அடங்கும் சொல் ஆங்கிலத்தில் ஆறேழு எழுத்துகளைக் கேட்கும். திரையின் உரையாடல் பெட்டியோ அதே அளவினது. 1994இல் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டசி’ ஆறாம் பகுதி 24 மெகாபிட் கேட்ரிட்ஜில் அமைந்தது. அதன் ஆங்கில வடிவத்தைத் தனியொருவராகச் செய்தவர் டெட் உல்சி. தமக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ 30 நாள் என்றும், இடமின்மையால் உரையாடலைப் பெரிதும் சுருக்க நேர்ந்தது என்றும் அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். அமெரிக்க நிண்டெண்டோவின் உள்ளடக்கக் கட்டுப்பாடுகளும் இதனோடு சேர்ந்தன. சமயச் சார்பான சொற்கள் கூடா என்பதால் ‘புனிதம்’ எனப் பொருள்படும் மந்திரம் நான்காம் பகுதியில் ‘வெண்மை’ என்றும் ஆறாம் பகுதியில் ‘முத்து’ என்றும் பெயர் மாறியது. மதுக்கடைகள் காப்பிக் கடைகளாயின.

நான்காம் பகுதியில் (1991) ஓரிடம் தனித்துக் கருதத்தக்கது. தன் மகளை அழைத்துச் சென்ற பாணன் ஒருவனை முதிய அறிஞர் டெல்லா தாக்குகிறார். மூலத்தில் அவர் வாயிலிருந்து வருவது ‘கிசமா’ என்னும் முன்னிலைப் பெயர் மட்டுமே. அதனையே திரும்பத் திரும்பக் கூவுகிறார். மேன்மை குறிக்கும் சொல்லும் மதிப்புறு விகுதியும் சேர்ந்து அமைந்து, ஒரு காலத்தில் மடல்களில் மரியாதைக்குரிய விளியாக வழங்கிய சொல் அது. காலப்போக்கில் இழிந்து வசையாயிற்று. தமிழில் ‘நீர்’ என்பது ‘நீங்கள்’ வந்தபின் படியிறங்கியதை நாம் அறிவோம். ஆனால் அது வசை என்னும் அடித்தளம்வரை செல்லவில்லை. ஆங்கிலத்துக்கு முன்னிலையில் ஒரே சொல்தான் உண்டு. எனவே ‘கிசமா’வைப் பெயர்க்க இயலாது, ஈடு செய்யத்தான் இயலும். ஆங்கில வடிவத்தில் டெல்லா ‘யூ ஸ்பூனி பார்ட்’ என்கிறார். காதலில் மதிமயங்கியவன் எனப் பொருள்படும் ‘ஸ்பூனி’ பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்குச்சொல். ஆட்டக்காரர்கள் பல்லாண்டுகளாக இதனை நகைத்தனர். பொருளளவில் இது நன்கு பொருந்தும் சொல் என்பதே என் மதிப்பீடு. மகளை மயக்கியவனைத் தந்தை வேறு எவ்வாறு வைவார்? முதியவர் வாயில் பழஞ்சொல் வருவதும் இயல்பே. தவறியது தொனி. மகள் இறந்துகொண்டிருக்கும் நேரத்தில் அச்சொல்லின் இலேசான ஓசை சினத்தைத் தாங்கவில்லை. பின்னாளில் இவ்விளையாட்டினைப் புதிதாகப் பெயர்த்தவர்களும் அத்தொடரை விடாது போற்றிவைத்தமை, பிழை எனப் பட்டது மரபாக மாறும் விந்தைக்குச் சான்று.

பெயர்களின் நிலை வேறு. கத்தகானாவில் ‘சு’ எழுத்து ஆங்கிலத்தின் இரு வேறு உரசொலிகளையும் ஏற்கும். 1997இல் வெளிவந்த ஏழாம் பகுதியின் தலைவி ஆங்கிலத்தில் ‘ஏரிஸ்’ ஆனாள். பிந்தைய படைப்புகளில் ‘ஏரித்’ எனத் திருத்தப்பட்டாள். 1999இல் ஆங்கிலத்தில் வந்த ஐந்தாம் பகுதியிலோ, ‘வைவர்ன்’ என்னும் ஐரோப்பியப் பறவைநாகம் ‘ஒய் பர்ன்’ என இரு சொற்களாகப் பிளந்து நின்றது. மொழிபெயர்ப்பாளர் கண்முன் படம் இருந்திருப்பின் இப்பிழை நேர்ந்திராது. சொற்பட்டியல் மட்டும் தரப்பட்டு, எச்சொல் எக்காட்சியில் யாரால் பேசப்படுகிறது என்பது அறியாமல் பெயர்க்கும் நிலை இத்துறையில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அவ்விளையாட்டினைத் தன்னார்வலர் குழு ஒன்று அதற்கு முன்னரே, 1990களின் பிற்பகுதியில், ஊதியமின்றி ஆங்கிலப்படுத்தியிருந்தது. முழு விளையாட்டையும் ஆடிப் பார்த்துப் பெயர்த்தமையால் அவ்வடிவமே மேலானது எனக் கருதுவோர் பலர். 2006இல் ஜப்பானில் வெளிவந்த ‘மதர்’ மூன்றாம் பகுதிக்கும் 2008இல் தன்னார்வலரே ஆங்கிலம் தந்தனர். அக்குழுவை முன்னின்று நடத்திய கிளைட் மாண்டெலின் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அதே கைக்குக் காலமும் சூழலும் கிடைத்தால் எத்தகைய ஆக்கம் வரும் என்பதை அது காட்டியது.

இனி மறுபடைப்புக் கொள்கைக்கு வருவோம். கார்மென் மாங்கிரோன், மினாகோ ஓஹகன் ஆகிய இருவரும் 2006 முதல் எழுதிய கட்டுரைகளிலும், 2013இல் வெளியிட்ட நூலிலும், விளையாட்டு மொழிபெயர்ப்பாளர் ஆடுவோரின் இன்பத்தையே இலக்காகக் கொண்டு மூலத்தினின்றும் துணிந்து விலகுகிறார் என்பதை விளக்கி, இதனை மறுபடைப்பு எனக் குறித்தனர். அச்சொல் இந்தியர்க்குப் புதிதன்று. கல்கத்தாவின் பு. லால் தம் மகாபாரத ஆங்கில ஆக்கத்துக்கு அதனையே ஆண்டார். ஆனால் லால் தாமே தேர்ந்து விலகினார். விலகலுக்குத் தம் பெயரில் பொறுப்பேற்றார். பெட்டியளவும் தணிக்கையும் முப்பது நாள் தவணையும் வெட்டிய வெட்டினை மறுபடைப்பு என அழைத்தல், கட்டாயத்துக்கு விருப்பத்தின் பெயரைச் சூட்டுதல் ஆகும். இக்கொள்கையின் விளக்கத் திறனை நான் மறுக்கவில்லை. 2000இல் வெளிவந்த ‘வேகரண்ட் ஸ்டோரி’க்கு அலெக்சாண்டர் ஓ. ஸ்மித் அமைத்த தொன்மைச் சாயல் கொண்ட ஆங்கிலம் உண்மையான மறுபடைப்பே. 1989இல் ‘டிராகன் குவெஸ்ட்’ அமெரிக்கா வந்தபோது எளிய ஜப்பானியத்துக்கு எலிசபெத் காலத்து முன்னிலைச் சொற்களைப் பூட்டியதும் ஒருவகைத் தேர்வுதான், சுவை வேறுபடலாம். இவற்றையும் ‘ஒய் பர்ன்’ போன்றவற்றையும் ஒரே குடையின்கீழ்க் கொணரும்போது கலைச்சொல் தன் பயனை இழக்கிறது. மறுபடைப்பாளர் என்று புகழப்படுவோரின் பெயர் இறுதிப் பட்டியலிலேனும் அச்சிடப்பட்டதா என்று கேட்டால், பல விளையாட்டுகளில் இல்லை என்பதே விடை. அப்பெயர்களை இடம்பெறச் செய்யுமாறு சர்வதேச விளையாட்டு உருவாக்குநர் சங்கத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவு 2022இல் ஓர் இயக்கமே நடத்த வேண்டியதாயிற்று. படைப்பாளி என்னும் பட்டம் தந்து பெயரை நீக்குவது வேடிக்கையான மரியாதை.

தமிழின் நிலை பற்றிச் சில சொல்ல வேண்டும். டொராண்டோவில் தோன்றிய ‘வெண்பா’ (2023) 1980களில் கனடா சென்ற தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே கூறுவது. பிரித்தானியாவின் பாஃப்டா விருதினை 2024இல் பெற்றது. கிழிந்தும் மங்கியும் போன சமையற்குறிப்பேட்டை ஆடுவோர் உய்த்துணர்ந்து நிரப்ப வேண்டியிருப்பதால், மொழியிழப்பே ஆட்ட விதியாகிவிட்ட அருமை அதற்கு உண்டு.

தமிழில் ஆக்குவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் இலக்கிய நயம் சார்ந்ததன்று. வெற்றிடத் தொடர் சார்ந்தது. ‘இன்னார் இன்ன பொருளைப் பெற்றார்’ என்பதில் ஆளின் பெயரையும் பொருளின் பெயரையும் நிரல் இட்டு நிரப்பும். ஜப்பானியத்தில் ‘வா’, ‘ஒ’ என்னும் இடைச்சொற்கள் எப்பெயருக்கும் மாறாது நிற்கும். வினையும் பால் காட்டாது. ஆங்கிலத்திலும் இறந்தகால வினை மாறாது. தமிழிலோ வாள் ‘வாளை’ ஆகும். கேடயம் ‘கேடயத்தை’ ஆகும். வில் இரட்டித்து ‘வில்லை’ ஆகி மருந்து வில்லையோடு மயங்கும். அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும். முற்றிலோ பெற்றான், பெற்றாள், பெற்றார் என மூன்றில் ஒன்றைத் தேர வேண்டும். அஃறிணைப் பொருள் உருபின்றியும் செயப்படுபொருளாகும் என்பதைப் பயன்படுத்தி ‘வாள் பெற்றார்’ என அமைத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆயினும் குறித்த ஒரு வாளைச் சுட்டுமிடத்து அது பொருந்தாது. ‘வாள் கிடைத்தது’ என்று கொடுத்தால் பொருளின் பெயர் எழுவாயாக நின்று உருபுச் சிக்கல் நீங்கும்; ஆனால் பன்மைக்குக் ‘கிடைத்தன’ வேண்டும், ஆளின் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்று ‘முருகனுக்கு’ என்றும் ‘வள்ளிக்கு’ என்றும் வேறுபடும். ‘கிடைத்தது: வாள்’ என அறிக்கை நடையில் எழுதித் தப்பலாம், கதை மாந்தர் பேச்சில் அந்நடை செல்லாது. இதற்குத் தீர்வு மொழிபெயர்ப்பாளரிடம் இல்லை, நிரலை எழுதுவோரிடம் உள்ளது. ஒவ்வொரு பெயருக்கும் எழுவாய் வடிவம், இரண்டாம் வேற்றுமை வடிவம், நான்காம் வேற்றுமை வடிவம் ஆகிய மூன்றினையும், பால் எண் குறிப்பினையும் அட்டவணையில் சேர்த்துவிட்டால் போதும். முந்நூறு பொருள்கள் கொண்ட விளையாட்டுக்குத் தொள்ளாயிரம் சொல்வடிவங்கள். 1986இன் 64 கிலோபைட்டில் இதற்கு இடமில்லை. இன்றைய ஆட்டக் கருவிகளிலோ ஒரு சுவரின் வண்ணப் பூச்சுக்குச் செலவிடப்படும் நினைவகமே இதனைப்போல் பலமடங்கு.