காந்தளூர்ச்சாலை ஆய்வும் முழுக்கட்டுரைத் தேட்டமும்

திருவனந்தபுரத்தின் ஆரியசாலை, வலியசாலை ஆகிய இடப்பெயர்களைக் காந்தளூர்ச்சாலையோடு இயைத்துக் காணும் மரபு ஒன்றுண்டு. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அச்சாலையில் அவன் 'கலம்' அறுத்ததாகக் கூறுவதன் பொருள் யாது என்பது நூற்றாண்டிற்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அவ்விவாதத்தை எடுத்தாளும் நம் ஆய்வேடுகள் அதன் மூலக் கட்டுரைகளை எந்த அளவிற்கு நேரிற் கண்டன என்பதே ஈண்டு எழுப்பப்பெறும் வினாவாகும்.

கலம் என்னும் சொல் அணிகலன், உண்கலம், மரக்கலம் என்னும் பொருள்களைத் தருவது. 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹூல்ட்ஷ் இத்தொடருக்கு மணி போன்றதொரு மண்டபம் கட்டுவித்தான் என்று பொருள் கொண்டார். பின்னர் அவரே அதனைக் கைவிட்டார். கப்பல்களை அழித்தான் என்னும் பொருள் நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றின் வழியே வேரூன்றியது. நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. கடற்படை வெற்றி என்பது முடிந்த முடிபாகவே எழுதப்படுகிறது.

ஆனால் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் கோபிநாதராவ் பதிப்பித்த பார்த்திவபுரச் செப்பேட்டை முழுமையாகப் படிப்பவர்க்கு அம்முடிபு அவ்வளவு எளிதாகத் தோன்றாது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் காந்தளூர் மரபைப் பின்பற்றி 95 மாணாக்கர்க்குச் சாலை நிறுவிய செய்தி அதில் உள்ளது. சேர்வோர்க்கு வேண்டிய தகுதியும் நடத்தை விதிகளும் அதிலேயே கூறப்படுகின்றன. இதனை மையமாகக் கொண்டு எம்.ஜி.எஸ். நாராயணன் 1970இல் இந்திய வரலாற்றுப் பேரவையின் நடவடிக்கைத் தொகுதியில் எழுதிய கட்டுரை, சாலையைக் கல்வியும் படைப்பயிற்சியும் இணைந்த பிராமண நிறுவனமாகக் காண்கிறது. இவ்விரண்டையும் பாராமல் 'கலம்' பற்றி முடிவுரைப்பது வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பதாகும்.

இக்கட்டுரைகள் கிடைத்தற்கரியன அல்ல. பேரவையின் தொகுதிகள் ஜேஸ்டோர் தளத்தில் உள்ளன. தொல்லியல் வரிசையின் பழைய தொகுதிகளை இணைய ஆவணகத்தில் காணலாம். இடையூறு தேடும் முறையில்தான் உள்ளது. பல்கலைக்கழக நூலகப் பட்டியல் இதழின் பெயரைக் காட்டுமேயன்றி அதனுள் அமைந்த கட்டுரையைக் காட்டாது. கட்டுரைத் தலைப்பையே அதில் இட்டுத் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். முதலில் இதழ், தொகுதி, ஆண்டு ஆகியவற்றை உறுதிசெய்து, பின் அத்தொகுதி எங்குளது எனக் காண்பதே முறை. ஆங்கில எழுத்தில் காந்தளூர் என்னும் ஊர்ப்பெயர் குறைந்தது மூன்று வடிவங்களில் எழுதப்பட்டுள்ளது. ஒன்றை மட்டும் இட்டுத் தேடினால் ஏனையவை அகப்படா. (நூலகரை அணுகிக் கேட்பதை இழுக்கெனக் கருதும் ஆய்வாளர் நம்மிடையே உளர், அம்மனப்பான்மைக்கு நூலகம் பொறுப்பன்று.)

யுஜிசி-இன்ஃபோநெட் திட்டமும் 2015இல் உருவான இ-சோத்சிந்துவும் இவ்வகை வாயில்களைத் திறந்தன. 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கட்கு வழங்குகிறது. எனினும் அவை பெரிதும் பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்கள். செந்தமிழ், செந்தமிழ்ச் செல்வி போன்றவற்றில் வெளிவந்த கட்டுரைகட்கு அங்கு இடமில்லை. அவற்றைத் தேடுவோர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், சென்னை ரோஜா முத்தையா நூலகத்தையும், ஈழத்து வெளியீடுகட்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தையும் நாட வேண்டியுள்ளது. அங்கும் பல இதழ்கள் பட வடிவிலேயே இருப்பதால் உட்பொருளைச் சொல்லிட்டுத் தேட இயலாது. பக்கம் பக்கமாகப் புரட்டியே தீர வேண்டும்.

நம் துறை இதழ்களின் நிலையும் வேறன்று. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்து மின்னாவணமாக மாற்றப்பெற்ற கட்டுரைகள் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், தேடுபொறிக்கு அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னரும் இவ்வழக்கம் முற்றும் ஒழியவில்லை. இதன் விளைவாகத் தமிழில் எழுதப்பெற்ற மறுப்புரை கண்ணிற்படாமற் போக, ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற கருத்தே மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. காந்தளூர்ச்சாலை பற்றிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் ஆராய்ந்து எழுதியுள்ளார். அவரைக் கவிஞராக மட்டுமே அறிந்து அவ்வாய்வைக் காணாது கடந்த ஆய்வேடுகட்கு, முழுக்கட்டுரையின் எழுத்துருவைத் திருத்தி மறுபதிவு செய்வதிலிருந்தே விடை தொடங்க வேண்டும்.