வில் நின்ற இடத்தில் பிறந்த சிரிப்பு

நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் காசளவுக் குங்குமப் பொட்டு, பளபளக்கும் பட்டுச் சட்டை. குன்னக்குடி வைத்தியநாதன் மேடையேறி உட்காரும்போதே சபா களைகட்டிவிடும். புருவம் உயரும், கண் சிமிட்டும், தலை ஆடும். அந்த முகத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவருடைய வலது கையைப் பற்றி யாரும் பேசவில்லை. ரசிகர்களைச் சிரிக்க வைத்ததில் பெரிய பங்கு அந்தக் கைக்குத்தான்.

'மருதமலை மாமணியே' பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1972-ல் வந்த 'தெய்வம்' படத்துக்கு அவர் இசையமைத்து, மதுரை சோமு பாடியது. இதை அவர் வயலினில் வாசித்தால் பாட்டின் எழுத்துகளே காதில் விழும். முன்வரிசைக்காரர் தம்மை அறியாமல் கூடவே முணுமுணுப்பார். வாயில்லாத வாத்தியம் எப்படி எழுத்தைச் சொல்லும்? அழுத்தமான எழுத்து வரும் இடத்தில் வில்லைத் தந்திமேல் கணநேரம் பிடித்து நிறுத்தி, வெடுக்கென்று விட வேண்டும். நெடில் வந்தால் ஒரே வில்லாக இழுத்து, இடது கை விரலை மட்டும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நம் வித்வான்கள் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வைத்துக்கொள்வார்கள். வாத்தியத்தைத் தாங்கும் பாரம் இல்லாததால் இடது கை தந்தி நெடுக ஓடும். இந்த வசதி எல்லோருக்கும் பொது. அதைக் குழந்தையின் சிணுங்கலாகவும், கெஞ்சலாகவும், கேலியாகவும் மாற்றும் துணிச்சல் குன்னக்குடிக்கு இருந்தது.

லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் என்று வயலினில் மூன்று மலைகள் நின்ற காலம் அது. அவர்களுக்கு நடுவில் தனக்கென்று ஓர் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா?

சிறுவனாக இருக்கும்போதே பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர் அவர். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியைக் கவனித்து, அங்கே புகுந்து, மறுபடி ஒதுங்குவது அவருக்குக் கைவந்த பழக்கம். 1976-ல் பக்கவாத்தியத்தை விட்டுவிட்டுத் தனிக் கச்சேரிக்கு முழுமூச்சாக வந்தார். அதற்குப் பிறகு இடைவெளி விடும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. அவருடைய நகைச்சுவையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வலையப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் சேர்ந்தது அடுத்த திருப்பம். ஒரு கை விரல்களில் கூடு மாட்டி, மறுகையில் கழி பிடித்து முழக்கும் அந்த வாத்தியம் நாகஸ்வரத்துக்கு ஜோடி; நாலு தந்திக்கு அது கொஞ்சமும் பொருந்தாது என்றுதான் நினைக்கத் தோன்றும். குன்னக்குடி சுரங்களை அடுக்கிக்கொண்டே போவார். பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேர வேண்டிய தருணத்தில் வில் நின்றுவிடும். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ரசிகரின் கை அந்தரத்தில் தவிக்கும். வலையப்பட்டியைப் பார்த்து ஒரு சிரிப்பு. தவில் பளீரென்று பதில் சொல்ல, சபையே சிரித்துக் கைதட்டும். கணக்கு துளி பிசகினாலும் சிரிப்பு வராது, பரிதாபம்தான் வரும்.

'வித்தை காட்டுகிறார்' என்ற குறை கடைசிவரை அவரைத் துரத்தியது. அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வேடிக்கை நீண்டுபோன நாட்களில் ராக ஆலாபனை சுருங்கியது உண்மை. ஆனால் திருவையாறு தியாகராஜர் ஆராதனையைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவரும் இதே மனிதர்தான். தந்தை ராமசாமி சாஸ்திரியிடம் சின்ன வயதில் ஏறிய பாடாந்தரம் அடியில் கெட்டியாக இருந்ததால்தான் மேலே அத்தனை விளையாட்டும் தாங்கியது. சபா வாசலைத் தாண்டாத எத்தனையோ பேரை அவர் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் மணிக்கணக்கில் உட்கார வைத்தார். அந்தச் சாதனைக்கு விமர்சகர்கள் உரிய மதிப்பெண் போடவில்லை.

அவரைப் போல வாசிக்க ஆசைப்படும் இளைஞர்கள் முகபாவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் வில் நின்ற இடங்களைப் படிக்க வேண்டும்.

குன்னக்குடி 2008 செப்டம்பர் 8-ல் மறைந்தார். அவருடைய கச்சேரிப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.